பழைய வரைபடமும் நம் கடைத்தெருவும்



புதுக்கணக்கு எழுதும் நாளில் நாம் முதலில் செய்வது என்ன? பழைய பேரேட்டை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு, யாரிடமிருந்து எவ்வளவு வரவேண்டும், எந்தச் சரக்கில் கை கடித்தது, எதில் நாலு காசு நின்றது என்று புரட்டிப் பார்க்கிறோம். பழைய ஏட்டைப் பாராமல் புது ஏட்டில் பிள்ளையார் சுழி போடும் வணிகர் நம்மில் யாரும் இல்லை. ஆனால் கடை வைத்திருக்கும் தெருவுக்கும், சரக்கு இறக்கும் கிடங்குக்கும், வாடிக்கையாளர் வந்து போகும் ஊருக்கும் ஒரு பழைய பேரேடு உண்டு என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. அந்தப் பேரேடுதான் பழைய வரைபடம்.

இதை எங்களுக்கு உணர்த்தியவர் நம் உறுப்பினர்களுள் ஒருவர். மேற்கு மாம்பலம் பக்கம் வாடகை குறைவு, லாரி வந்து நிற்க இடம் தாராளம் என்று ஒரு கிடங்கை எடுத்திருந்தார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்தக் கிடங்கில் மூன்றடித் தண்ணீர் நின்றது. அரிசி, துவரம்பருப்பு, சர்க்கரை மூட்டைகளில் அடி வரிசை இரண்டும் போயிற்று. அக்கம்பக்கத்தில் நீர் வடிந்த பிறகும் அங்கே மட்டும் வடியவில்லை. சில மாதங்கள் கழித்துச் சங்க அலுவலகத்துக்கு வந்தவர், நாங்கள் மேசையில் விரித்து வைத்திருந்த பழைய சென்னை வரைபடத்தின் நகலைக் குனிந்து பார்த்தார். கிடங்கு இருக்கும் இடத்தைத் தேடி விரலை வைத்தார். அங்கே தெருவும் இல்லை, வீடும் இல்லை, ஏரி இருந்தது. "அண்ணாச்சி, ஏரிக்குள்ளேயா நான் மூட்டை அடுக்கியிருக்கிறேன்?" என்று கேட்டுவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளத்துக்குக் காரணங்கள் பல உண்டு. ஆயினும் வாடகை பேசுவதற்கு முன்னால் அந்த வரைபடத்தை அவர் பார்த்திருந்தால், ஒன்று வேறு இடம் தேடியிருப்பார், அல்லது மரப்பலகையை இரண்டடி உயர்த்திப் போட்டிருப்பார். ஆகவே பழைய வரைபடங்களை எப்படிப் படிப்பது, அவற்றைக் கொண்டு நம் பகுதி எப்படி மாறியிருக்கிறது என்று எப்படி அறிவது, அதனால் நமக்கு என்ன பயன் என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

வரைபடங்களில் எத்தனை வகை?

சரக்கில் ரகம் இருப்பதுபோல வரைபடத்திலும் ரகம் உண்டு. எந்தக் கேள்விக்கு எந்த ரகம் என்று தெரிந்து எடுக்க வேண்டும்.

முதல் வகை நகர வரைபடம். கோட்டை, மதில், தெரு, சந்தை, கோயில் இவற்றைக் காட்டுவது. கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னைக்கு இத்தகைய படங்களைப் பலமுறை வரைந்திருக்கிறார்கள். 1698 முதல் 1709 வரை கவர்னராக இருந்த தாமஸ் பிட் காலத்தில் அளந்து தயாரித்த படம், 1755இல் கொன்ராடி வரைந்த படம், 1822இல் ரேவன்ஷா வரைந்த படம் ஆகியவை அவற்றுள் பெயர் பெற்றவை.

இரண்டாம் வகை நில அமைப்பு வரைபடம். 1767இல் தொடங்கிய இந்திய நில அளவைத் துறை வெளியிடுவது. 1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவையே பிற்கால நிலப்படங்களுக்குக் கடைக்கால் போன்றது. ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் வந்த பழைய தாள்களில் ஏரி, ஓடை, வண்டிப்பாதை, தோப்பு, மேடு, பள்ளம் எல்லாம் தெரியும்.

மூன்றாம் வகை வருவாய்த் துறையின் கிராம வரைபடமும் புலப்படமும். ஒரு மைலுக்குப் பதினாறு அங்குலம் என்ற கணக்கில் பழைய கிராமப் படங்கள் வரையப்பட்டன. சர்வே எண், வாய்க்கால், வண்டிப்பாதை, களம், புறம்போக்கு ஆகியவை இவற்றில் இருக்கும். நகரங்களில் இதற்கு இணையாக நகர நில அளவைப் படம் இருக்கிறது.

இவற்றின் வேற்றுமையைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் எளிதில் விளங்கும். நம் கடையின் முகப்பு 20 அடி என்று வைத்துக்கொள்வோம். மைலுக்கு ஓர் அங்குலப் படத்தில் ஓர் அங்குலம் என்பது 5,280 அடி. நம் கடை அதில் ஊசிமுனைக்கும் தேறாது. மைலுக்குப் பதினாறு அங்குலப் படத்தில் ஓர் அங்குலம் என்பது 330 அடி. நம் கடை ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் வரும். ஆகவே ஏரி எங்கே இருந்தது என்று பார்க்க முதல் படம் போதும். கடைக்குப் பின்னால் வாய்க்கால் போனதா என்று பார்க்க இரண்டாவது படம் வேண்டும். தராசில் பொன்னும் விறகும் ஒன்றாக நிறுக்க முடியாதல்லவா!

பட்டணத்தைப் படித்துப் பார்ப்போம்

நம் உறுப்பினர்களில் பலருக்குச் சரக்கு வருவது பாரிமுனை, கொத்தவால் சாவடி வட்டாரத்திலிருந்துதான். எனவே அந்தப் பகுதியையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

பிட் காலத்துப் படத்தில் புனித ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே ஒட்டினாற்போல ஒரு நகரம் இருக்கிறது. நேர்நேரான தெருக்கள், நடுவே சந்தை, கோயில். அதுதான் பழைய கறுப்பர் பட்டணம். கம்பெனிக்குத் துணி கொடுத்த வணிகர்களும், நெய்தவர்களும், சாயமிட்டவர்களும், துபாஷிகளும் வாழ்ந்த ஊர். அதற்கு வெளியே முத்தியால்பேட்டையும் பெத்துநாயக்கன்பேட்டையும் தனித்தனியாகத் தெரிகின்றன.

1822ஆம் ஆண்டுப் படத்தை எடுத்தால் அந்தப் பழைய பட்டணத்தைக் காணவில்லை. அந்த இடம் வெட்டவெளி. என்ன ஆயிற்று? 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிற்று. 1749இல் திரும்பக் கிடைத்தது. 1758இன் இறுதியில் லாலி மறுபடியும் வந்து முற்றுகையிட்டார். பகைவர் வீடுகளில் மறைந்திருந்து கோட்டையைத் தாக்க முடிந்ததைக் கண்ட ஆட்சியாளர்கள், கோட்டைக்கு எதிரே கட்டடமே இருக்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். பிரெஞ்சுக்காரர் கொஞ்சம் இடித்தார்கள். மிச்சத்தை ஆங்கிலேயர் இடித்தார்கள். இடித்த இடத்தில் மறுபடி யாரும் கட்டாதபடி எல்லையில் ஆறு தூண்கள் நட்டார்கள். 1773ஆம் ஆண்டு பொறித்த தூண்களுள் ஒன்று இன்றும் பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்து மூலையில் நிற்கிறது. சரக்கு எடுக்க எத்தனையோ முறை அதைக் கடந்து போயிருப்போம். ஒரு நாளாவது நின்று பார்த்திருக்கிறோமா?

அந்தத் தூணைப் படத்தில் குறித்துக்கொண்டால் மற்றவை தாமாக விளங்கும். தூணுக்குத் தெற்கே உயர் நீதிமன்றம் இருக்கிறது. 1892இல் திறக்கப்பட்ட அந்த வளாகம் நிற்பது பழைய பட்டணத்து வணிகர்களின் வீடும் கடையும் இருந்த மண்ணின்மேல். அங்கிருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் இடிபட்டது. பின்னர் மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் முயற்சியால் பூக்கடை அருகே சென்னகேசவருக்கும் சென்னமல்லீஸ்வரருக்கும் கோயில்கள் எழும்பின. அவற்றைத்தான் மக்கள் பட்டணம் கோயில் என்கிறார்கள். ஊர் இடம் பெயர்ந்தபோது கோயிலும் கடையும் கூடவே பெயர்ந்தன.

முத்தியால்பேட்டையும் பெத்துநாயக்கன்பேட்டையும் அதன்பின் நெருங்கி வளர்ந்து புதிய கறுப்பர் பட்டணம் ஆயின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்கு ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாறிற்று.

தெருப் பெயரும் ஒரு சாட்சி

பழைய படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பெயர்களை ஒப்பிட்டால் வேடிக்கையான உண்மைகள் வெளிவரும்.

இரண்டு பேட்டைகளுக்கும் நடுவே அட்டப்பள்ளம் என்ற தாழ்ந்த நிலம் இருந்தது. மழைநீரும் கழிவுநீரும் ஓடிய பள்ளம் அது. 1778இல் சென்னைக்கு வந்த ஸ்டீபன் பாப்பம் என்ற வழக்கறிஞர் அந்த நிலத்தை வாங்கி, வடிகால் அமைத்து, மேடாக்கி, அகலமான சாலை போட்டார். அதுவே பிராட்வே, இன்றைய பிரகாசம் சாலை. பெயரில் பள்ளம் மறைந்துவிட்டது, படத்தில் மறையவில்லை.

மேற்கே வால்டாக்ஸ் சாலையைப் பாருங்கள். ஹைதர் அலியின் படைகள் சென்னையை நெருங்கியபின் 1769ஐ ஒட்டிய ஆண்டுகளில் பட்டணத்தைச் சுற்றி வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுப்பினார்கள். அந்தச் செலவுக்காக மக்கள்மேல் மதில் வரி போட முயன்றார்கள். வரி நிலைக்கவில்லை, மதிலும் பெரும்பாலும் போய்விட்டது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது! நாம் வரி கட்டாமலே பெயர் வாங்கிய ஒரே சாலை அதுவாகத்தான் இருக்கும். யானைக்கவுனி என்ற பெயரில் உள்ள கவுனியும் அந்த மதிலின் வாயிலே. வடக்கே பழைய ஜெயில் சாலை அருகே மாடிப் பூங்காவில் மதிலின் துண்டு ஒன்று எஞ்சியிருக்கிறது.

வால்டாக்ஸ் சாலையை ஒட்டிய சால்ட் கொட்டார்ஸ் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். கொட்டாரம் என்பது களஞ்சியத்துக்கு நம் தமிழ்ச் சொல். உப்புக் கொட்டாரம் அங்கே இருந்தது. அதன் பக்கத்தில் கால்வாயும் ரயிலும் வந்தன. தம்பு செட்டி தெரு, லிங்கி செட்டி தெரு, சுங்குராம செட்டி தெரு ஆகியவை கம்பெனி காலத்து வணிகர்களின் பெயர்களைத் தாங்கியவை. பவளக்காரத் தெருவும் அர்மேனியன் தெருவும் யார் யார் எதை விற்க இங்கு வந்தார்கள் என்று சொல்கின்றன. பவளம் போயிற்று, பெயர் நிற்கிறது.

சந்தை ஏன் அங்கே இருந்தது?

வணிகர்களாகிய நமக்கு இதுவே முக்கியமான கேள்வி. எந்தச் சந்தையும் காரணமில்லாமல் ஓரிடத்தில் கூடாது. சரக்கு இறங்கும் வழி எதுவோ அதன் ஓரத்தில்தான் மண்டி வளரும். இந்த உண்மையைப் படங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் கண்ணால் காணலாம்.

முதலில் கடல். துறைமுகம் கட்டும்முன் கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகளில்தான் சரக்கும் ஆளும் கரைக்கு வந்தனர். கடல் அன்று இன்றைய ராஜாஜி சாலைக்கு வெகு அருகில் இருந்தது. அதனால்தான் 1788இல் தொழில் தொடங்கிய பாரி கம்பெனியும் மற்ற வெள்ளைக்கார வணிக நிறுவனங்களும் அந்த வரிசையில் இடம் பிடித்தன. 1870களில் துறைமுக வேலை தொடங்கிற்று. 1881 புயலில் அலைதடுப்புச் சுவர்கள் சேதமுற்று, மீண்டும் கட்டப்பட்டன. சுவர் எழுந்ததும் தெற்கிலிருந்து வந்த மணல் அங்கேயே தங்கி மெரினாக் கடற்கரை அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையை அரித்தது. அதற்கு முந்திய படத்தையும் பிந்திய படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், மனிதன் ஓரிடத்தில் கட்டிய சுவர் இன்னோரிடத்தில் நிலத்தைக் கொடுத்ததும் பறித்ததும் தெரியும்.

அடுத்து கால்வாய். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொக்ரேன் கால்வாய் வெட்டப்பட்டது. பிற்காலத்தில் நீட்டிக்கப்பட்டு 1878இல் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்றது. விறகு, உப்பு, நெல் எல்லாம் படகில் வந்தன. பிறகு ரயில். 1856இல் ராயபுரம் நிலையம், 1873இல் சென்ட்ரல் நிலையம். இப்போது படத்தில் கொத்தவால் சாவடியைக் குறித்துப் பாருங்கள். ஒரு பக்கம் கால்வாயும் ரயில் சரக்கு நிலையமும், மறு பக்கம் துறைமுகம். இரண்டுக்கும் இடையில் வண்டியும் கைவண்டியும் எட்டும் தூரத்தில் சாவடி இருக்கிறது. காய்கறியும் கனியும் அங்கே வந்து குவிந்தது தற்செயல் அல்ல.

சரக்கு லாரியில் வரத் தொடங்கிய பிறகு அந்தக் குறுகிய தெருக்கள் தாங்கவில்லை. 1996இல் காய், கனி, பூ மொத்த வணிகம் கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டது. ஏறத்தாழ 295 ஏக்கரில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் கொண்ட வளாகம் அது. பழைய நிலப்படத்தில் கோயம்பேடு ஒரு சிற்றூர். ஆனால் நெடுஞ்சாலைகளுக்கு அருகில் இருக்கும் சிற்றூர். படகும் ரயிலும் கொத்தவால் சாவடியை உண்டாக்கின. லாரி கோயம்பேட்டை உண்டாக்கியது. 2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேடு மூடப்பட்டுத் திருமழிசைக்குத் தற்காலிகமாகப் போனபோது நாம் பட்ட பாடு நமக்குத் தெரியும். அந்த ஆண்டு செப்டம்பரில்தான் மீண்டும் திறந்தது.

சந்தை இடம் மாறுவது புதிதல்ல. பிராட்வேயில் இருந்த பாப்பம் மார்க்கெட்டுக்குப் பதிலாகச் சென்ட்ரல் அருகே மூர் மார்க்கெட் கட்டி 1900இல் திறந்தார்கள். 1985இல் அது தீக்கிரையாயிற்று. அந்த இடத்தில் இன்று புறநகர் ரயில் நிலையக் கட்டடம் நிற்கிறது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபின் தென்மாவட்டப் பேருந்துகள் அங்கே போயின. பேருந்து நின்ற இடத்தை நம்பிக் கடை வைத்தவர்களின் கல்லாவை அது எப்படித் தொட்டது என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். நூறு ஆண்டுப் படங்களைப் பார்த்தவருக்கு ஒன்று நிச்சயம் தெரியும்: போக்குவரத்து வழி மாறினால் சந்தை இன்றில்லாவிட்டாலும் நாளை மாறும். பத்தாண்டு குத்தகை பேசும்முன் அந்த வழி எந்தத் திசையில் நகர்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

மதுரை வணிகர்களும் இதைச் செய்து பார்க்கலாம். 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்ததால் உண்டானவையே வெளி வீதிகள். மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அந்த வேலையில் ஈடுபட்டவர்களின் பெயர்களைச் சொல்கின்றன. கோயிலைச் சுற்றியுள்ள மாசி வீதிகள் அதற்கும் பல காலம் முந்தியவை. எது பழைய தெரு, எது அகழி என்று படம் பிரித்துக் காட்டும்.

நீர் மறப்பதில்லை

பழைய சென்னைப் படங்களில் மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, நுங்கம்பாக்கம் முதல் தெற்கே நீளமாக ஓர் ஏரித் தொடர் இருக்கும். நீண்ட ஏரி என்றே அதற்குப் பெயர். 1920களில் அதை வடித்துத் தூர்த்து எழுப்பிய நகர்தான் தியாகராய நகர். இன்று தீபாவளி நேரத்தில் கால் வைக்க இடமில்லாத கடைத்தெரு அது! ஏரி போனாலும் மேற்கு மாம்பலத்தில் ஏரிக்கரைச் சாலையும், நுங்கம்பாக்கத்தில் ஏரிப் பகுதி என்ற பெயரும் இருக்கின்றன. 1976இல் திறந்த வள்ளுவர் கோட்டம் நிற்பதும் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில்தான்.

ஏரியைத் தூர்த்தாலும் பள்ளம் பள்ளமே. மேட்டிலிருந்து வரும் மழைநீருக்குப் பட்டாவும் தெரியாது, கட்டட அனுமதியும் தெரியாது. பழைய வழி ஒன்றுதான் தெரியும். தாங்கல், ஏந்தல், குட்டை, பள்ளம், மதகு, கரை, கால்வாய் என்று முடியும் பெயர் எங்கிருந்தாலும், அங்கே கிடங்கு எடுக்கும்முன் பழைய நில அமைப்பு வரைபடத்தைப் பார்ப்பது கட்டாயம் என்று சொல்வோம்.

செய்யும் முறை

நம் ஊர்ப் பகுதிக்கு இதை எப்படிச் செய்வது? பெரிய படிப்பு வேண்டியதில்லை. கணக்கு எழுதத் தெரிந்தவருக்கு இது எளிது.

ஒன்று: படத்தைத் தேடுதல். எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய நிலப்படங்களும் அரசு ஆவணங்களும் இருக்கின்றன. உரிய அனுமதி பெற்றுப் பார்க்கலாம். சென்னைக்கு 1913இல் ஹெச். டி. லவ் வெளியிட்ட பழைய சென்னை பற்றிய தொகுதிகளில் பல படங்கள் அச்சாகியுள்ளன. புலப்படத்தை இப்போது அரசின் இணையதளச் சேவையிலேயே பார்க்க முடிகிறது. வீட்டிலுள்ள பழைய பத்திரங்களோடு இணைத்த படங்களையும் மறக்க வேண்டாம்.

இரண்டு: அசையாப் புள்ளிகளைப் பிடித்தல். கோயில், தெப்பக்குளம், தேரோடும் வீதி, பழைய பள்ளிவாசல், தேவாலயம், ரயில் பாதை, ஆற்றுப்பாலம் ஆகியவை எளிதில் இடம் மாறுவதில்லை. இரண்டு படங்களிலும் இவற்றில் குறைந்தது மூன்றைக் கண்டுபிடித்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்று: அளவைச் சரிபார்த்தல். படத்தில் எழுதிய அளவை அப்படியே நம்பக் கூடாது. நகல் எடுக்கும்போது சிறிதாகவோ பெரிதாகவோ ஆகியிருக்கும். இரண்டு கோயில்களுக்கு இடையே படத்தில் 6 அங்குலம், தரையில் 1,980 அடி என்றால், ஓர் அங்குலம் 330 அடி என்று நாமே கண்டுகொள்ளலாம். பழைய புலப்படங்களில் அளவு லிங்க் கணக்கில் இருக்கும். 100 லிங்க் ஒரு சங்கிலி. ஒரு சங்கிலி 66 அடி. 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர்.

நான்கு: மேலே வைத்து வரைதல். ஒரே அளவுக்குக் கொண்டு வந்தபின், ஊடுருவித் தெரியும் தாளில் பழைய படத்தை நகலெடுத்துப் புதிய படத்தின்மேல் வைத்து, அசையாப் புள்ளிகளைப் பொருத்த வேண்டும். நீர்நிலைக்கு ஒரு மை, தெருவுக்கு ஒரு மை, சந்தைக்கு ஒரு மை. கணிப்பொறி தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதை இன்னும் விரைவாகச் செய்துவிடுவார்கள்.

ஐந்து: நடந்து பார்த்தல். படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு விடியற்காலையில் தெருவில் நடக்க வேண்டும். எங்கே தெரு காரணமின்றி வளைகிறது? எங்கே இரண்டு படி இறங்கிக் கடைக்குள் போகிறோம்? வளைவுக்கு அடியில் பழைய வாய்க்காலோ மதிலோ இருக்கக் கூடும்.

ஆறு: பெரியவர்களைக் கேட்டல். மண்டியில் கணக்கெழுதிய முதியவர், மூட்டை தூக்கியவர், வண்டி ஓட்டியவர் இவர்களின் நினைவு படத்தில் இல்லாததைச் சொல்லும். எந்த ஆண்டு என்று அவர்களுக்குத் தெரியாவிட்டாலும், எந்தப் புயலுக்கு முன், எந்தத் தேர்தலுக்குப் பின் என்று சொல்வார்கள். கேட்டதைத் தேதியிட்டு எழுதி வைக்க வேண்டும்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை

எந்தச் சரக்கிலும் கலப்படம் பார்ப்பதுபோல வரைபடத்திலும் குறை பார்க்க வேண்டும்.

படம் வரைந்தவர் யார், எதற்காக வரைந்தார் என்பது முதல் கேள்வி. கோட்டையைக் காக்க வரைந்தவர் மதிலையும் பீரங்கி மேடையையும் நுணுக்கமாகக் காட்டுவார். நம்மவர் வாழ்ந்த தெருக்களை ஒரே கட்டமாகப் பூசிவிட்டுப் போவார். வரி வாங்க வரைந்தவர் வரி வரும் நிலத்தை அளந்திருப்பார். வராத குடிசையை விட்டிருப்பார். படத்தில் வெற்றிடம் என்பதால் அங்கே யாரும் இல்லை என்று பொருள் அல்ல. தலைமுறை தலைமுறையாகத் தரையில் கூடை வைத்து விற்றவர் எந்தப் படத்திலும் ஏறவில்லை; அதனால் அவர் அங்கே இல்லை என்று நாம் சொல்லிவிட முடியாது.

சில படங்களில் வடக்கு மேலே இராது. அம்புக்குறியைப் பார்த்துத் திருப்பி வைத்துக்கொள்ள வேண்டும். போடப்போகிறோம் என்று வரைந்த சாலை கடைசிவரை போடப்படாமலே போனதும் உண்டு. படத்தில் அச்சிட்ட ஆண்டு வேறு, நிலத்தை அளந்த ஆண்டு வேறு. ஆகையால் ஒரு படத்தை மட்டும் நம்பி முடிவு சொல்லாமல், இரண்டு மூன்றை ஒப்பிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. பழைய நகர வரைபடம் வரலாற்றுச் சான்றே தவிர உரிமைப் பத்திரம் அல்ல. பக்கத்துக் கடைக்காரரோடு அரையடிக்குச் சண்டை போட இதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்! எல்லைத் தகராறு என்றால் பத்திரம், பட்டா, புலப்படம், சர்வேயர் அளவு ஆகியவையே பேசும். பழைய படம் எந்த ஆவணத்தைத் தேட வேண்டும் என்று வழி காட்டும். அதோடு அதன் வேலை முடிந்தது.

நமக்கு என்ன பயன்?

சாலையை அகலப்படுத்துகிறோம், வடிகால் தோண்டுகிறோம், பாலம் கட்டுகிறோம் என்று அறிவிப்பு வரும்போது நாம் கூட்டம் கூட்டுகிறோம், மனு எழுதுகிறோம். மனுவில் பெரும்பாலும் "பல ஆண்டுகளாகக் கடை நடத்தி வருகிறோம்" என்ற ஒரே வாக்கியம்தான் இருக்கும். எத்தனை ஆண்டு? தெரு அன்று எவ்வளவு அகலம்? வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடியது? இவற்றைப் படத்தோடும் பழைய ரசீதோடும் காட்டும் சங்கத்தின் சொல்லுக்கு எடை கூடும். தோண்டும் வடிகால் பழைய வாய்க்காலின் வழியில் போகிறதா, அதற்குக் குறுக்கே போகிறதா என்று நாம் கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர் யோசித்துத்தான் சொல்வார்.

ஆதலால் ஒவ்வொரு கிளைச் சங்கத்துக்கும் எங்கள் வேண்டுகோள் இது. ஒரு இரும்பு அலமாரியை இதற்கென ஒதுக்குங்கள். உங்கள் கடைத்தெருவின் பழைய படம் ஒன்று, புலப்பட நகல் ஒன்று, இன்றைய படம் ஒன்று அதில் இருக்கட்டும். உறுப்பினர்களிடமுள்ள பழைய வாடகைச் சீட்டு, தொழில் உரிம ரசீது, விற்பனை வரி காலத்துக் காகிதம், கடைத் திறப்பு விழாப் புகைப்படம் இவற்றின் நகல்களையும் சேருங்கள். மூலத்தை உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடையை மாற்றிக் கட்டும்போதும், பாகம் பிரிக்கும்போதும் இந்தக் காகிதங்கள்தான் முதலில் பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன.

தொடக்கத்தில் சொன்ன உறுப்பினர் இப்போது வேறு கிடங்கு எடுத்திருக்கிறார். வாடகை கொஞ்சம் கூடுதல்தான். முன்பணம் கொடுக்கும்முன் சங்க அலுவலகத்துக்கு வந்து படத்தை விரிக்கச் சொன்னார். அந்த இடத்தில் பழைய படம் தென்னந்தோப்பைக் காட்டியது. ஏரிக்கரைக்கு அப்பால், மேட்டுப் பக்கம். அதன்பிறகுதான் கையெழுத்துப் போட்டார். அடி வரிசைக்கு மரப்பலகை மட்டும் மறக்காமல் போட்டிருக்கிறார்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். ஏரியிலே போடுவதாக இருந்தால், அது ஏரி என்றாவது தெரிந்துகொண்டு போடுவோம்.